தேவகியின் முடியைப் பற்றி நீ எழுதிய இரண்டு வரிக்கு

தம்பி,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ நலம் என்று எழுதியிருந்தாய், நாங்களும் நலம்தான். உன் அப்பாவுக்கு முட்டியில் வலி இருக்கிறது, கேட்டால் இல்லை என்பார். மண்டபம், சமையல்காரர், மேளம் எல்லாம் பேசியாகிவிட்டது. நலம் விசாரிப்பு இதோடு போதும். நான் இப்போது பதில் எழுத உட்கார்ந்தது, உன் கடிதத்தின் கடைசியில் இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தாயே, அந்த இரண்டு வரிக்குத்தான். ‘கல்யாணத்துக்கு முன்னால தேவகியை சலூனுக்குப் போய் முடியை நேராக்கிக்கச் சொல்லுங்கம்மா. நேவி கேம்ப்ல இருந்து ஆளுங்க வாராங்க, வீடியோ எடுக்கிறோம். நீங்க சொன்னா கேட்டுக்கும்.’

நான் சொன்னால் அந்தப் பிள்ளை கேட்டுக்கொள்ளும் என்பது உண்மைதான். வரப்போகும் மாமியார் வாயைத் திறந்தால் எந்தப் பெண்தான் மாட்டேன் என்பாள்? அதனால்தான் கடிதத்தைப் படித்தவுடனே அவள் வீட்டுக்கு, செமோருக்குப் பஸ் ஏறவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். நீ கேட்டது ஒரு நாள் வீடியோவுக்கு. அவள் கொடுக்கப்போவது ஒரு நாள் அல்ல, அது உனக்குத் தெரியாது. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு தலை நேராகி, கெட்டு, பிறகு பழையபடி திரும்பி வந்திருக்கிறது. அப்போது நீ சின்னப் பையன், உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். முழுதாக எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை என் முடி எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கும்போதே தலையில் துணி கட்டியிருப்போம். பால்மரம் வெட்டி, பாலைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றும்வரை அந்தத் துணி அவிழாது. வீட்டுக்கு வந்தால் கை நிறைய எண்ணெயை எடுத்து அப்பி, இழுத்து, முறுக்கி ஒரு கொண்டை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற சவுக்காரத்திலேயே தலையும் தேய்த்தாகிவிடும். ‘சுருட்டை முடி சோறு போடும்’ என்று சொல்லுகிற அதே வாய்தான் அடுத்த மூச்சில் ‘ஏ பரட்டை’ என்று கூப்பிடும். எனக்கு அதில் வருத்தம் எல்லாம் கிடையாது. எல்லாருக்கும் ஒரு பட்டப்பேர் இருந்தது, எனக்கு அது.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், நாம் ஈப்போ பக்கம் சிலிபினுக்கு வந்தோம். அப்பாவுக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. எனக்கு ஈப்போ டவுனில் ஒரு துணிக்கடையில் சேலைப் பகுதியில் வேலை. அங்கே தலையில் துணி கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? சேர்ந்து கொஞ்ச நாளில் முதலாளி கூப்பிட்டார். நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். “நல்லா பேசுறீங்க, துணியும் தெரியுது, எல்லாம் சரி. அந்தத் தலையை மட்டும் கொஞ்சம் அடக்கிட்டு வாங்கம்மா. வர்றவங்க சேலையைப் பாக்கணும் லா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்த பிறகுதான் சுருக்கென்றது. எவ்வளவு எண்ணெய் போட்டு அடக்கினாலும் மத்தியானத்துக்குள் காதோரம் எல்லாம் எழுந்து நின்றுகொள்ளும். நான் என்ன அதற்குச் சொல்லியா கொடுத்தேன்?

கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சீனப் பெண் சலூன் வைத்திருந்தாள். என் தலையைப் பிடித்துப் பார்த்துவிட்டு “ரம்புட் பான்யாக் கெராஸ் லா” என்றாள், முடி ரொம்ப முரடாம். முரடாக இருந்தாலும் நேராக்கித் தருகிறேன் என்றாள். அழுகின முட்டை மாதிரி நாற்றமடிக்கிற ஒரு மருந்தைப் பூசி, சீப்பால் இழுத்து இழுத்து, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார வைத்தாள். கண் எரிந்தது, மண்டை எரிந்தது. கழுவி முடித்த பிறகு கையை வைத்தேன். கை வழுக்கிக்கொண்டு முதுகுவரை போனது. வேறு யாருடைய முடியையோ தொட்ட மாதிரி இருந்தது.

இதை மறைத்துவிட்டு உனக்குப் புத்தி சொன்னால் அது நியாயம் இல்லை: எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒற்றைப் பின்னல் போட்டால் சாயங்காலம்வரை அப்படியே இருக்கும். வைத்த பூ வைத்த இடத்தில் நிற்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்றில் பறந்து திரும்பி வந்து விழும். சினிமாவில் பார்த்ததெல்லாம் என் தலையிலேயே நடந்தது. வீட்டுக்குப் போனதும் உன் அப்பா எழுந்து நின்று, “வாங்க, உக்காருங்க. வீட்டுக்காரி வேலைக்குப் போயிருக்கு, இப்ப வந்துரும்” என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்தார். ஆகவே தேவகி ஆசைப்பட்டுத் தானே போய்ச் செய்துகொண்டால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அவள் ஆசைப்பட்டதாக நீ எழுதவில்லை.

நேராக்கினால் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடி வளரும் அல்லவா? அடியில் இருந்து வருவது பழைய சுருட்டைதான், அதற்கு மருந்து போட்டது தெரியாது. சில மாதத்துக்கு ஒரு தடவை மறுபடியும் போக வேண்டும், மறுபடியும் எரிய வேண்டும். காதுக்குப் பின்னால் புண் வந்து, ஆறி, மறுபடி வந்தது. நுனி வெளுத்துத் தேங்காய் நார் மாதிரி ஆயிற்று. இருந்தாலும் விடவில்லை. மூன்றாவது வருஷமோ என்னவோ, தீபாவளி வந்தது. துணிக்கடையில் தீபாவளிக்கு முன்னால் மூச்சுவிட நேரம் இருக்காது என்பது உனக்குத் தெரியும். கடைசியில் தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் சலூனுக்கு ஓட முடிந்தது. அடியில் மட்டும் போடாமல், நன்றாக இருக்கட்டும் என்று தலை முழுக்கப் போடச் சொன்னேன். அந்தப் பெண் விரலைக் காட்டிக் காட்டிச் சொன்னாள்: “தீகா ஹாரி, ஜாங்ஙான் பாசா.” மூன்று நாள் நனைக்காதே. நானும் சரி சரி என்று தலையாட்டினேன். அவளுக்குத் தீபாவளியைப் பற்றி என்ன தெரியும்?

தீபாவளி அன்று விடியற்காலை தலைக்கு எண்ணெய் வைக்காமல் எந்தத் தமிழ் வீட்டில் விட்டிருக்கிறார்கள்? மூன்று நாள் நனைக்காதே என்றால் என்ன, அது சும்மா நாளுக்குச் சொன்னது, நல்ல நாளுக்கு இல்லை என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, உச்சியில் வைத்து, அழுத்தித் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசினேன். பிறகு நெருக்குப் பல் சீப்பை எடுத்து இழுத்தேன். சீப்பு வந்தது, முடியும் சீப்போடு வந்தது. வலிக்கவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. இன்னொரு தடவை இழுத்தேன், இன்னொரு பிடி. நீ புதுச்சட்டை போட்டுக்கொண்டு மத்தாப்புப் பெட்டியோடு வாசலில் நின்று “ஏம்மா அழுவுறீங்க?” என்று கேட்டாய். சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். முதல் ஆளாக அதை நம்பியது நீதான்.

அன்று மத்தியானம் பாக்கியம் அக்கா முறுக்குத் தட்டோடு வந்து என் தலையைப் பார்த்துவிட்டு, தட்டை வைக்காமலே நின்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். “தைப்பூசம் வருது. பேசாம மொட்டை போட்டுரு. எல்லாம் ஒரே மட்டமா வளர்ந்துரும்.” உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “நான் உசுரோட இருக்கேன் லா, அக்கா” என்றார். கட்டின புருஷன் இருக்கும்போது பெண் தலையை மழிப்பதா என்பது அவர் கவலை. அக்கா விடவில்லை. “அட, வேண்டுதல்னா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. சும்மா எடுத்தாத்தான் பேச்சு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு, வேண்டிக்கிட்டேன்னு சொல்லிரு.” உனக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. “சலூன்ல கெட்டதுக்கு முருகன் எப்படிக்கா பொறுப்பாவார்?” என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது, எனக்குப் பக்தி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பக்தி இருந்ததால்தான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அது அவருக்கு இன்றுவரை புரியவில்லை, போகட்டும்.

ஆக, மழிக்கவும் இல்லை, மறுபடி மருந்து போடவும் இல்லை. கழுத்தளவு வெட்டிக்கொண்டு, வளரட்டும் என்று விட்டேன். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. அந்தக் காலத்தில் என் தலையில் இரண்டு பேர் முடி இருந்தது. மேலே பாதி சுருட்டையாக எழுந்து நிற்கும், கீழே பாதி விளக்குமாற்றுக் குச்சியாகத் தொங்கும். இரண்டும் சேருகிற இடத்தில் தொட்டாலே ஒடியும். முதலாளி என்னைச் சேலைப் பகுதியில் இருந்து பின்னால் துணி அளந்து மடிக்கிற இடத்துக்கு மாற்றினார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் பெண்கள் என் தலையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் நீ பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, ரிப்போர்ட் கார்டு வாங்க அப்பா மட்டும் வந்தால் போதும் என்றாய். ஏன் என்று கேட்டேன். “பசங்க உங்களை மீ மண்டைன்னு சொல்றாங்கம்மா.” தலையில் நூடுல்ஸைக் கொட்டின மாதிரி இருக்கிறதாம். சரி என்றேன். அப்பா லீவு எடுத்துக்கொண்டு வந்தார். கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருந்தாய். நான் வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அது வலித்தது, தம்பி. சின்னப் பிள்ளை சொன்னது என்று தெரியும், தெரிந்தும் வலித்தது. இப்போது எழுதும்போது வலி இல்லை, நடந்தது இது என்று சொல்கிறேன்.

உன் அப்பாவுக்கு இந்த மாதிரி விஷயங்களில் என்ன பேசுவது என்று தெரியாது. ஒரு நாள் நான் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, “கண்ணாடியை எடுத்து உள்ளுக்கு வச்சிரவா?” என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! அவ்வளவு பார்க்கச் சகிக்கவில்லையா என்று கத்தினேன். அவர் பயந்துபோய், “இல்ல, நீ பாத்துப் பாத்து வருத்தப்படுறியேன்னு...” என்று இழுத்தார். இருக்கட்டும், பார்த்துத்தான் பழக வேண்டும் என்றேன். அதன் பிறகு அவராகவே ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். பின்மண்டை எனக்குத் தெரியாது. மாதம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காருவார். ஒவ்வொரு கற்றையாகப் பிடித்துப் பார்த்து, “இது இன்னும் நேரா இருக்கு, வெட்டவா?” என்று கேட்டுக் கேட்டு வெட்டுவார். கோணல்மாணலாகத்தான் இருக்கும். கண்டக்டருக்கு டிக்கெட் கிழிக்கத் தெரியும், முடி வெட்டத் தெரியுமா? ஆனால் ஒரு மாதமும் தவறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நேரம் சத்தத்தையே காணோம். என்ன என்று கேட்டேன். “வெட்டறதுக்கு ஒன்னும் இல்ல. எல்லாம் சுருட்டைதான்” என்றார். கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குச் சீயக்காய் எதுவும் இல்லை.

வெட்டுவது அவர் பாடு, வளர்ப்பது என் பாடாக இருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உனக்கும் இது தேவைப்படும், அதனால் எழுதுகிறேன். முட்டை அடித்துப் போட்டுப் பார்த்தேன், மூன்று நாள் என்னை யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை. எண்ணெயை இரண்டு மடங்காக்கினேன், தூசிதான் ஒட்டியது. கடைசியில் ஒரு விஷயம் புரிந்தது. நம் பெண்கள் தலைக்குச் செய்கிற எல்லாமே நேர் முடிக்குச் செய்கிறது. நெருக்குப் பல் சீப்பு, இழுத்துக் கட்டுகிற பின்னல், ஈரத் தலையைத் துண்டால் பட்பட்டென்று அடித்து வெயிலில் காய வைப்பது. நேர் முடிக்கு அது சரி. சுருட்டையை அப்படி அடித்தால் கலைந்து, பொங்கி, முடிச்சு விழுந்து ஒடியும். ஒடிந்த பிறகு பரட்டை என்று அதையே திட்டுவோம். அதனால் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். சவுக்காரத்தை விட்டுவிட்டு, வாரம் ஒரு தடவை செம்பருத்தி இலையைக் கசக்கி அந்தக் கொழகொழப்பில் அலசினேன். கறிக்குத் தேங்காய் பிழிகிற அன்று இரண்டாம் பாலில் கொஞ்சம் எடுத்து வைத்து நுனியில் தடவினேன். தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே, கீழே இருந்து ஆரம்பித்து, விரலாலேயே சிக்கெடுத்தேன். பிறகு தொடவே கூடாது. துண்டு வேண்டாம். துவைத்துத் துவைத்து நைந்துபோன கைலியால் ஒற்றி எடுத்தால் போதும், நிழலில் தானே காயும். உன் அப்பா ஒரு மாதம் முழுக்கத் தன் பழைய கைலியைத் தேடிக்கொண்டிருந்தார். தலையில் பார்த்த அன்று, “இதுக்குத்தானா! நான் கொடியில இருந்து பறந்து போச்சுன்னு நினைச்சேன்” என்றார்.

இவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காய்வதற்கு நேரமாகும். தலை குளித்த அன்று எங்கேயும் சீக்கிரம் கிளம்ப முடியாது. நாளைக்கு தேவகி குளித்துவிட்டு வரும்போது நீ வாசலில் நின்றுகொண்டு “இன்னும் ஆகலியா?” என்று கத்தாதே.

இத்தனையும் யோசித்து முடித்துத்தான் சனிக்கிழமை செமோருக்குப் போனேன். ரவிக்கை அளவு வாங்க வந்தேன் என்று அவர்களிடம் சொன்னேன், அதுவும் வேண்டியதுதான். தேவகி அப்போதுதான் தலை குளித்திருந்தாள். முதுகு நனைய, தரையெல்லாம் தண்ணீர் சொட்ட வந்து நின்றாள். அவள் அம்மா உள்ளேயிருந்து, “வந்தவங்க முன்னாடி இப்படியா வருவ? துண்டு போட்டுத் துடைச்சுக்கிட்டு வாயேன்டி” என்று சத்தம் போட்டார். அந்தப் பிள்ளை என்னிடம் மெதுவாக, “துண்டு போட்டா பொங்கிரும் அத்தை, அதான்” என்றது. எனக்கு இரண்டு வருஷம் பிடித்த விஷயம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றாள்.

நீ சொன்னதை நான் மறைக்கவில்லை. அவள் அம்மா டீ போடப் போன நேரத்தில், கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். அவள் கையில் ஒரு கற்றையைப் பிழிந்துகொண்டிருந்தாள், பிழிந்துகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: “உங்களுக்கா எழுதியிருந்தாங்க?” ஆமாம் என்றேன். “எனக்கும் வாரா வாரம் எழுதுறாங்க அத்தை. கப்பலைப் பத்தி, சாப்பாட்டைப் பத்தி எல்லாம் எழுதுறாங்க. இதை எழுதலையே.” கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் நான் உனக்காக நாலு வார்த்தை பேசியிருப்பேன். முகம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். இத்தனை நாள் உனக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை அது. இப்போது அதில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. அதை நான் எடுக்க முடியாது, போட்டவன் நீ.

என் கைப்பையில் ஒரு போட்டோ இருந்தது. தற்செயலாக இருந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எடுத்தது, நீ அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறாய், நாலு வயசு இருக்கும். அவள் கையில் கொடுத்தேன். “யாரு அத்தை இது? பொம்பளப் பிள்ளையா?” என்று கேட்டாள். அவன்தான் என்றேன். அவள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்பாவின் முகம் பாதி தெரியாமல் மறைக்கிற அளவுக்கு உன் தலை, என் தலையில் இருந்து அப்படியே பிடுங்கி நட்ட மாதிரி. நேவியில் சேர்ந்த நாளில் இருந்து மாதத்துக்கு இரண்டு தடவை ஒட்ட வெட்டி விடுகிறார்கள், அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உனக்கே மறந்துபோயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். அவள் அம்மா டீயோடு வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

புறப்படும்போது வாசல்வரை வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் மாட்டேன்னு சொல்லல அத்தை. அவங்க நேர்ல வந்து கேட்டா செஞ்சுக்கிறேன். இந்தப் படத்தைக் கையில வச்சுக்கிட்டு கேக்கட்டும்.”

உனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று எழுதியிருந்தாய். லூமுட் பஸ்ஸில் ஈப்போ வந்தால் வீட்டுக்கு வராதே, நேரே செமோருக்குப் போ. படம் அவளிடம்தான் இருக்கிறது. நான் திரும்பக் கேட்கவில்லை.

அம்மா